பூவுக்கு மாட்டிய பையை அடுத்த ரகத்துக்கு மாட்டலாமா?

கேள்வி இதுதான். விதைக்காக மிளகாய்ப் பூக்களின் மேல் ஆர்கன்சா வலைப்பை மாட்டியிருக்கிறீர்கள். பைகள் குறைவு, ரகங்கள் அதிகம். ஒரு ரகத்தில் பிஞ்சு பிடித்ததும் அதே பையைக் கழற்றி அடுத்த ரகத்துக்கு மாட்டினால், பையில் ஒட்டியிருக்கும் மகரந்தம் போய்க் கலந்துவிடாதா? துவைத்தால் போதுமா, வெயிலில் போட்டால் போதுமா, இல்லை ஒவ்வொரு முறையும் புதுப் பைதான் வேண்டுமா?

மாட்டலாம். புதுப் பை வாங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கவலை முழுவதும் பையில் ஒட்டிய மகரந்தத்தின் மேலேயே இருக்கிறது. நான் பார்த்தவரை ரகம் கெடுவது பெரும்பாலும் வேறு வழிகளில்: பையைக் கழற்றும் நேரம் தப்புவது, பையின் வாய் சரியாகக் கட்டப்படாதது, தையல் மடிப்பில் போன தடவை விதை சிக்கிக் கிடப்பது. மகரந்தத்தை முதலில் பேசி முடித்துவிட்டு இவற்றுக்கு வருகிறேன்.

மகரந்தம் உயிருள்ள பொருள், அதற்கு ஆயுள் உண்டு. புல் இனங்களின் மகரந்தம், அதாவது மக்காச்சோளம், கம்பு போன்றவற்றினுடையது, செடியை விட்டு வெளியே வந்தால் சில மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒரு நாள்தான் தாங்கும். பூசணி மகரந்தம் அன்று காலை உதிர்ந்தால் அன்றே வீரியம் இழக்கத் தொடங்கிவிடும். தக்காளி, மிளகாய், கத்தரி குடும்பம் கொஞ்சம் கெட்டி. நிழலான அறையில் சில நாட்கள் தாங்கும், வாரக் கணக்கில் போகும்போது வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும். வெயில், சூடு, ஈரம் மூன்றும் இதன் எதிரிகள். தண்ணீரில் நனைந்தால் பெரும்பாலான மகரந்தத் துகள்கள் நீரை உறிஞ்சி வெடித்தே போய்விடும்.

இதில் பலர் தலைகீழாகச் செய்யும் ஒரு விஷயம் இருக்கிறது. கழற்றிய பையைத் துவைக்காமல், விதையோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். உலர்வும் குளிர்ச்சியும் விதைக்கு நல்லது போலவே மகரந்தத்துக்கும் நல்லது. ரகம் உருவாக்குபவர்கள் மகரந்தத்தை மாதக் கணக்கில் சேமிப்பதே இந்த முறையில்தான். பழைய பையில் இருக்கும் மகரந்தம் சாக வேண்டுமென்றால் அது வெளியே, காற்றிலும் வெயிலிலும் கிடக்க வேண்டும்.

சரி, கழற்றிய அன்றே துவைக்காமல் அடுத்த ரகத்துக்கு மாட்டினால்? அப்போதுதான் உண்மையான ஆபத்து. அதுவும் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி இல்லை. தக்காளிப் பூவில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகத்தின் நுனி) பெரும்பாலும் கேசரக் கூம்புக்குள்ளேயே (கேசரம் என்பது மகரந்தம் தரும் ஆண் பாகம்) மறைந்திருக்கும், அதன் மேல் சொந்த மகரந்தம் கொட்டிக்கொண்டே இருக்கும், பைத்துணியில் இருக்கும் நாலைந்து துகள் அங்கே போய்ச் சேர வாய்ப்பு குறைவு. மிளகாயில் கதை வேறு. பூ விரிந்து சில மணி நேரம் கழித்துத்தான் கேசரங்கள் வெடிக்கும், அதுவரை சூல்முடி மகரந்தம் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் பைத்துணி உரசினால் பழைய ரகத்தின் மகரந்தம் முதலில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே மிளகாய்க்கும், சூல்முடி வெளியே நீண்டிருக்கும் கத்தரிக்கும், துவைக்காத பையை ரகம் மாற்றி மாட்டவே கூடாது.

பையின் உள்பக்கம், வெளிப்பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் கவனிப்பதில்லை. பை செடியில் இருக்கும்போது அதன் உள்பக்கத்தில் அந்த ரகத்தின் மகரந்தம் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கத்தில் தேனீக்கள் வந்து உட்கார்ந்து, பூவுக்குள் போக வழி தேடித் துணி முழுக்க நடந்துவிட்டுப் போகும். அவற்றின் கால்களில் தோட்டத்தில் பூத்திருக்கும் எல்லா ரகத்தின் மகரந்தமும் இருக்கும். கழற்றியதும் பையை உள்வெளியாகத் திருப்பி உதறுவது நல்ல பழக்கம்தான். ஆனால் திருப்பிய நிலையிலேயே மறுபடி மாட்டினால், தோட்டத்து மகரந்தம் அத்தனையும் பூவின் பக்கம் வந்துவிடும். அதே ரகத்துக்கு மாட்டினாலும் இந்த ஆபத்து உண்டு. வெளிப்பக்கத்தில் வாய் ஓரமாக ஒரு கலர் நூல் முடிச்சு போட்டு வையுங்கள், முடிச்சு எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.

இனி கழற்றும் நேரம். மிளகாய்க் கிளையில் எல்லா மொட்டும் ஒரே நாளில் விரிவதில்லை. நீங்கள் பையைக் கழற்றும் அன்று உள்ளே நாலு பிஞ்சு இருக்கும், இரண்டு பூ விரிந்திருக்கும், மூன்று மொட்டு இருக்கும். பிஞ்சைப் பார்த்த சந்தோஷத்தில் பையை உருவிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடுகிறோம். அந்த இரண்டு பூவும் மூன்று மொட்டும் அன்று மாலைக்குள் திறந்தவெளிப் பூக்கள். மிளகாய்ப் பூவின் சூல்முடி விரிந்தபின் இரண்டு மூன்று நாள் வரைகூட மகரந்தத்தை ஏற்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எது பைக்குள் பிடித்த காய், எது வெளியே பிடித்த காய் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஆகவே பையைக் கழற்றும் முன் கையில் நூல் இருக்கட்டும். பூவிதழ் உதிர்ந்து, பிஞ்சு பட்டாணி அளவாவது ஆனவற்றின் காம்பில் மட்டும் தளர்வாக ஒரு நூல் கட்டுங்கள். விரிந்த பூ, மொட்டு, இதழ் ஒட்டிக்கொண்டிருக்கும் சந்தேகப் பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளி எறியுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள். அப்புறம் பையை எடுங்கள். அந்தச் செடியில் நூல் கட்டிய காய் மட்டும்தான் விதைக்கு, மற்றதெல்லாம் சமையலுக்கு.

அடுத்த செடியில் மாட்டும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். ஏற்கெனவே விரிந்த பூ, பிஞ்சு, நாளை விரியப் போகிற மாதிரி வெளுத்து உப்பியிருக்கும் மொட்டில் சந்தேகமானவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இறுக மூடிய மொட்டுகள் மட்டும் இருக்கும் கிளையில் மாட்டுங்கள். மாட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ இலைப்பேனோ உள்ளே மாட்டிக்கொண்டால், எதிரிகள் வராத இடத்தில் நன்றாகப் பெருகும். இலைப்பேன் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டும் போகும். முந்தைய செடியிலிருந்து கழற்றிய பையில் இவை ஒளிந்து வந்தால் மகரந்தமும் கூடவே வரும். பையை நன்றாக உதறச் சொல்வது இதற்காகவும்தான்.

வாய்க்கட்டைப் பற்றிச் சுருக்கமாக. சுருக்கு நாடா மட்டும் போதாது. காற்றில் கிளை ஆட ஆட நாடா தளர்ந்து சுண்டுவிரல் நுழையும் இடைவெளி வந்துவிடும், சின்னத் தேனீக்கு அது தாராளம். காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வைத்து அதன் மேல் நாடாவை இழுத்துக் கட்டினால் இடைவெளியும் இருக்காது, காம்பும் நசுங்காது. பழைய பைகளில் முதலில் கெடுவது இந்த நாடாதான். துணி நன்றாக இருந்தால் நாடாவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

துணி பூவைத் தொடாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம். புதுசாக இருக்கும்போது ஆர்கன்சா விறைப்பாக, பூவை விட்டு விலகி நிற்கும். நாலைந்து துவைப்புக்குப் பிறகு தொளதொளத்துப் பூவின் மேல் படிந்துவிடும். அப்போது தேனீ உள்ளே நுழையவே வேண்டாம். வெளியே நின்றபடி வலைக் கண் வழியாகச் சூல்முடியைத் தொட்டாலே போதும். மழையில் நனைந்தாலும் இதே நிலைதான். தொய்ந்த பைக்குள் ஒரு மெல்லிய கம்பியை வளையமாக வளைத்து வையுங்கள், துணி விலகி நிற்கும். பெரிய பையாக வாங்கித் தளர்வாக மாட்டுவதும் நல்லது.

பைக்குள் காய் பிடிக்கவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. காற்றும் வண்டும் செய்யும் உலுக்கல் அங்கே இல்லை. காலை நேரம் பூ விரிந்து கேசரம் வெடித்தபின், பையோடு சேர்த்துக் கிளையை விரலால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இது பெரிய வித்தியாசம் தரும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பூ உதிர்வது இயல்பு, பைக்குள் சூடு இன்னும் சற்றுக் கூடும். அதற்குப் பையைக் குறை சொல்லிக் கழற்றிவிடாதீர்கள்.

இப்போது துவைப்பது. பூச்சி மூலம் பரவும் மகரந்தத்தின் மேல் ஓர் எண்ணெய்ப் பசை இருக்கும், பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொள்வதற்காக. அதே பசைதான் துணியிலும் ஒட்ட வைக்கிறது. வெறும் தண்ணீரில் அலசினால் முழுதாகப் போகாது, சோப்பு வேண்டும். முதலில் வெளியே கொண்டுபோய், பூச்செடிகளுக்குப் பக்கத்தில் நிற்காமல், பையைத் திருப்பி உதறுங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். தையலோரத்தை மட்டும் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். நன்றாக அலசி, முழுதாகக் காயும்வரை வெயிலில் போடுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், ஆர்கன்சா சுருங்கி வலைக் கண்கள் கோணிவிடும். வாஷிங் மெஷினில் போடுவதென்றால் ஒரு தலையணை உறைக்குள் கட்டிப் போடுங்கள். தனியாகப் போட்டால் நாடா எங்காவது சிக்கித் துணி இழுபடும்.

இப்படித் துவைத்துக் காய வைத்த பையை எந்த ரகத்துக்கும் அன்றே மாட்டலாம். துவைக்க வசதியில்லையென்றால் திருப்பி உதறி, இரண்டு வாரம் வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் தொங்கவிட்டபின் எடுப்பேன். மகரந்த ஆயுளைப் பார்த்தால் அது தாராளமான கணக்கு.

தையல் மடிப்பை ஏன் தேய்க்கச் சொன்னேன் என்றால், அங்கேதான் விதை சிக்கும். பையைச் செடியிலேயே விட்டு, முற்றிய விதையை அதிலேயே உதிர வைத்து எடுப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. தண்டுக்கீரை, துளசி, கடுகு, லெட்யூஸ் விதைகள் மடிப்புக்குள் போனால் கண்ணுக்கே தெரியாது. அடுத்த முறை வேறு ரகத்துக்கு மாட்டும்போது பச்சைத் தண்டுக்கீரை விதையில் சிவப்புத் தண்டுக்கீரை விதை நாலு கலந்துவிடும். மகரந்தமே கலக்காமல் ரகம் கெட்டுப்போயிற்று. முளைத்து வரும்போது பார்த்து, ஏதோ தேனீ செய்த வேலை என்று நினைத்துக்கொள்வோம். பையை நீங்களே தைப்பதாக இருந்தால் தையலின் பிசிறு ஓரம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்துவிடுங்கள், உள்ளே விதை தங்க இடமே இருக்காது. கடையில் வாங்கியதில் பிசிறு உள்ளே இருந்தால், கீரை வகைக்கு ஒதுக்கிய பையை மற்ற ரகத்துக்கு மாற்றாதீர்கள்.

தேமல் நோய் தென்பட்ட செடியில் இருந்த பையை வெறும் சோப்போடு விட்டுவிடக் கூடாது. தக்காளி, மிளகாய்ச் செடிகளைத் தாக்கும் சில வைரஸ்கள், புகையிலைத் தேமல் வைரஸும் அதன் உறவுகளும், துணியிலும் கருவியிலும் கையிலும் நீண்ட நாள் உயிர்ப்போடு இருந்து தொட்டாலே பரவக்கூடியவை. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வைத்து, நன்றாக அலசுங்கள். ப்ளீச் நைலானை மெல்ல அரிக்கும், பாலியஸ்டர் தாக்குப்பிடிக்கும். சந்தேகமான செடியிலிருந்து விதையே எடுக்காமல் இருப்பது இன்னும் மேல்.

இவ்வளவு வேலையையும் பாதியாகக் குறைக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பருவத்துக்கு ஒரு ரகத்துக்கு ஒரு நிற நூல். சிவப்பு முடிச்சுப் பைகள் எல்லாம் ஒரு மிளகாய்க்கு, நீலம் இன்னொன்றுக்கு. ஒரே ரகத்துச் செடிகளுக்குள் பையை எத்தனை முறை மாற்றினாலும் உள்பக்க மகரந்தத்தால் ரகம் கெடாது. வெவ்வேறு இனங்களுக்குள் மாற்றுவதிலும் கவலையில்லை. தக்காளிக்கு மாட்டிய பையை வெண்டைக்கு மாட்டினால் என்ன ஆகிவிடும்? ஒன்றின் மகரந்தம் மற்றதில் வேலை செய்யாது. ரகங்கள் அதிகம், பைகள் குறைவு என்றால், மிளகாயில் ஒரு பை, அடுத்து தக்காளி, அடுத்து கத்தரி என்று சுற்றில் விடுங்கள். மறுபடி மிளகாய்க்கு வரும்போது மட்டும் துவைத்தால் போதும்.

ஆனால் எது எதனோடு சேரும் என்பது தெரிந்திருக்க வேண்டும், பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், புரோக்கோலி எல்லாம் பார்க்க வேறு வேறு, உள்ளே ஒரே இனம், தாராளமாகக் கலக்கும். பீட்ரூட்டும் பாலக் கீரையும் அப்படித்தான். குடை மிளகாயும் நீள மிளகாயும் ஒரே இனம், வேறு இன மிளகாய்களோடும் ஓரளவு சேரும். பீர்க்கும் மெழுகுப் பீர்க்கும் தனி இனங்கள் என்றாலும் கலக்கக்கூடியவை. வெள்ளரியும் முலாம்பழமும் கலக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், கலக்காது.

பூசணி, வெண்டை இரண்டுக்கும் பையே தேவையில்லை என்பேன். வெண்டைப் பூ ஒரே நாள் பூ. காலையில் விரிந்து அன்றே வாடிவிடும், தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். முதல் நாள் மாலை மொட்டின் நுனியை நூலால் கட்டிவிட்டால் விரியாமலேயே காய் வைக்கும். பூசணியில் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல் நாள் மாலையே நுனியில் கட்டிவிட்டு, மறுநாள் விடிந்ததும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, மறுபடி பெண் பூவைக் கட்டிவிட வேண்டும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரிபவை, ஆகவே அவற்றின் மொட்டுகளைப் பகலிலேயே மூட வேண்டும். இதழ் மெல்லியது என்பதால் அங்கே சின்னப் பை வசதி. அந்தப் பையின் வேலை ஒன்றிரண்டு நாள்தான்.

காற்றில் பரவும் மகரந்தத்துக்கு வலைப்பை, பழசோ புதுசோ, பயன்படாது. மக்காச்சோள மகரந்தம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, காற்றில் பரவும் மகரந்தங்களில் அது பெரிசுதான். அதுகூட ஆர்கன்சா கண்ணில் நுழைந்துவிடும். கீரை, பீட்ரூட் மகரந்தம் அதைவிடப் பல மடங்கு சின்னது. இவற்றுக்குக் காகிதப் பை வேண்டும். காகிதப் பையைத் துவைக்க முடியாது, ஈரம் பட்டால் ஒட்டு விடும். ஆகவே ரகம் மாற்றி மறுபடி மாட்டாதீர்கள். மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்துக்கு மாட்டிய பை முழுக்க மகரந்தம் கொட்டிக் கிடக்கும், ஒரே தடவையோடு உரக்குழிக்குப் போக வேண்டியது அது. கலப்பு நடந்ததா என்று அந்த வருடமே காட்டிக்கொடுக்கும் பயிரும் மக்காச்சோளம்தான். வெள்ளை ரகக் கதிரில் மஞ்சள் மணி தெரிந்தால் வெளி மகரந்தம் நுழைந்திருக்கிறது. மிளகாயிலும் தக்காளியிலும் காய் தாய்ச்செடியின் சதை என்பதால் இந்த வருடக் காயைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, அடுத்த தலைமுறையில்தான் தெரியும்.

முள்ளங்கி போன்றவற்றை ஒற்றைச் செடியாகப் பை மாட்டி விதை எதிர்பார்க்காதீர்கள். தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காத செடி அது. பல செடிகளை ஒன்றாகக் கூண்டு வலைக்குள் வைக்க வேண்டும். இரண்டு ரகம் இருந்தால், ஒருநாள் இதைத் திறந்து அதை மூடி, மறுநாள் மாற்றி என்று தேனீயை உள்ளே விடலாம்.

உங்கள் பழைய பைகள் இன்னும் வேலை செய்கின்றனவா என்று சந்தேகம் இருந்தால் சோதிக்க வழி உண்டு. நாளை விரியப் போகிற மிளகாய் மொட்டுகள் சிலவற்றை மாலையில் ஊசி முனையால் பிரித்து, கேசரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், சூல்முடி மட்டும் நிற்கட்டும். அந்தக் கிளையில் வேறு பூ, மொட்டு இல்லாமல் பழைய பையை மாட்டிக் கட்டுங்கள். பை சுத்தமாக, ஓட்டையில்லாமல் இருந்தால் விதையுள்ள காய் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மகரந்தம் எங்கிருந்தோ வந்திருக்கிறது, பையிலிருந்தோ, ஓட்டை வழியாகவோ, வாய் வழியாகவோ. காயை அறுத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள், சில வகைகளில் விதையில்லாமலும் காய் வரும். ஒரே தடவையில் துவைத்த பை, துவைக்காத பை இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் மாட்டினால் உங்கள் துவைப்பு போதுமா என்பதும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பைகளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழை விலகிய இடம் பளிச்சென்று தெரியும். நெய்யாத துணிப் பைகள் வெயிலில் நாளடைவில் உளுத்து, விரலால் இழுத்தாலே கிழியும், அவற்றுக்கு ஆயுள் குறைவு. ஓட்டை விழுந்த பைகளை நல்லவற்றோடு வைக்காமல் நாடாவை வெட்டி அடையாளம் செய்துவிடுங்கள். அவை குப்பைக்குப் போக வேண்டியதில்லை. நூல் கட்டிய காய் பழுக்கும்போது பறவை கொத்தாமல் இருக்க அதன் மேல் மாட்டலாம், அந்தக் கட்டத்தில் எந்த மகரந்தமும் எதையும் செய்துவிட முடியாது.